சோளக்காட்டில் முக்கோணத் தொப்பிகள்

என் கணவர் மிலிஷியாவில் சேர்ந்துவிட்டார் என்று சொன்னதும், போனில் அந்தப் பக்கம் கரூரில் இருந்த அப்பா மெதுவாக, "ஏன் அம்மணி, மாப்பிள்ளைக்கு வேலை கீலை போயிருச்சா?" என்று கேட்டார்.

வேலையெல்லாம் போகவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை மனுஷன் ஒழுங்காக ஒரு மருந்து கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் இருநூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விடுவார். முழங்கால் வரை கால்சட்டை, நீளக் கோட்டு, தலையில் மூன்று பக்கமும் மடித்த முக்கோணத் தொப்பி. நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்ட் படியில் இந்தக் கோலத்தில் அவர் இறங்கும்போது, எதிரே மளிகைப் பையோடு ஏறி வரும் நம் ஆட்கள் சிரிப்பதா வணக்கம் சொல்வதா என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். மானம் போகிறது என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

மிலிஷியா என்ற சொல்லைக் கேட்டு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. டிவியில் அந்தச் சொல் வந்தாலே கூடவே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் திரியும் முரட்டு ஆட்களையும் காட்டுவார்கள். "ஐயோ, அது வேற, இது வேற. இது ஹிஸ்டரி. அமெரிக்கா சுதந்திரத்துக்குச் சண்டை போட்ட காலத்து ஊர்ப்படை. சும்மா நடிச்சுக் காட்டறது," என்றார் இவர். பிரின்ஸ்டன் பக்கம் ஒரு மைதானத்தில் இவர் வாக்கிங் போகும்போது அந்தக் குழு பயிற்சி செய்வதை வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறார். ஒரு வாரமா, ரெண்டு வாரமா? மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். ஒரு நாள் குழுவின் கேப்டன் வந்து, "எத்தனை நாள் அங்கேயே நிற்பாய்? வரிசையில் ஒரு ஆள் குறைகிறது, வா," என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார். வேலியில் போன ஓணான் கதைதான்.

கேப்டன் என்றதும் மீசைக்காரர் ஒருவரை நினைத்துவிடாதீர்கள். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒரு அம்மாள். வெள்ளைத் தலை, உருண்டையான உடம்பு, பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் எட்டிப் பழகிய குரல். அந்தக் காலத்து மிலிஷியா தன் கேப்டனைத் தானே கை தூக்கித் தேர்ந்தெடுக்குமாம். அதே மாதிரி இவர்களும் வருஷா வருஷம் கை தூக்குவார்கள். வருஷா வருஷம் இந்த அம்மாளேதான் ஜெயிப்பார். மைதானத்தில் அவர்கள் இரும்புச் சட்டியில் மாட்டுக்கறி வேகவைப்பார்கள். என் கணவர் முட்டைகூடத் தொடாதவர். அவர் சேர்ந்த மறு வாரமே அந்த அம்மாள் எங்கிருந்தோ ஒரு சின்னச் சட்டி கொண்டுவந்து, இது பீன்ஸுக்கு மட்டும், இதில் வேறு யாரும் கரண்டியை விடக் கூடாது என்று உத்தரவு போட்டாராம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் என் கோபம் பாதி இறங்கியது.

மீதிப் பாதி தையலில் ஏறியது. கோட்டு தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "மிலிஷியாவுக்கு யூனிஃபார்மே கிடையாது. அவனவன் வீட்டுல இருந்ததைப் போட்டுட்டுத்தான் சண்டைக்குப் போனான்," என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னார்.

"அப்ப நீங்களும் வீட்டுல இருக்கற டீ-ஷர்ட்டைப் போட்டுட்டுப் போங்களேன். என் உசிரை எதுக்கு வாங்கறீங்க?" என்றேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர் சொன்ன கதைகளை நான் காதில் வாங்காத மாதிரி இருந்துகொண்டு முழுக்கக் கேட்டேன். அந்தக் காலத்து மிலிஷியாக்காரர்கள் ராணுவம் இல்லை. ஊர்க்காரர்கள். கொல்லர், செருப்புத் தைக்கிறவர், மாவு மில்லுக்காரர், பெரும்பாலும் விவசாயிகள். வருஷத்தில் சில நாள் ஊர்ப் புல்வெளியில் கூடித் துப்பாக்கி பிடிக்கப் பழகுவார்கள், முடிந்ததும் நன்றாகக் குடிப்பார்கள். மாசசூசெட்ஸ் பக்கம் சில ஊர்களில், கூப்பிட்டால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும் என்று சிலரைத் தனியாகத் தயார் செய்து வைத்திருந்தார்கள். பாஸ்டனில் இருந்த இங்கிலாந்து ராஜாவின் சிப்பாய்கள் ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். கான்கார்டில் ஊர்க்காரர்கள் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தைப் பறிக்கத்தான்.

"யாரு போய்ச் சொன்னா?" என்று கேட்டேன், காதில் வாங்காதவள்.

"குதிரையில போய்ச் சொன்னாங்க. ஒரு ஊர்ல கதவைத் தட்டினாங்க, அடுத்த ஊர்ல மணி அடிச்சாங்க, அதுக்கு அடுத்த ஊர்ல வேட்டு போட்டாங்க, மேளம் கொட்டினாங்க. ஒரு வீடு அடுத்த வீட்டை எழுப்பிடுச்சு."

விடியும்போது, போகிற வழியில் லெக்ஸிங்டன் என்ற ஊரின் புல்வெளியில் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. எதிரே நின்றது தேர்ந்த ராணுவம். யார் முதலில் சுட்டது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம். ஊர்க்காரர்களில் சிலர் அங்கேயே விழுந்தார்கள். ஆனால் சிப்பாய்கள் கான்கார்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வந்துவிட்டன. அங்கே ஒரு பாலத்தில் மறித்தார்கள். திரும்பிப் போகும் வழியெல்லாம் கல் சுவருக்குப் பின்னாலிருந்தும் மரத்துக்குப் பின்னாலிருந்தும் சுட்டார்கள். அதோடு வீட்டுக்குப் போகாமல் பாஸ்டனையே சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இந்த நாட்டுக்கு முறையான ராணுவம், சுதந்திரப் பிரகடனம் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவைதான்.

"அவங்க பயந்தா என்ன பண்ணுவாங்க?"

"ஓடிடுவாங்க. பல தடவை ஓடியிருக்காங்க. அறுப்பு வந்தா வீட்டுக்குப் போயிடுவாங்க. அவங்களை நம்பி ஒரு பெரிய யுத்தத்தை நடத்த முடியாதுன்னு தளபதியே தலையில அடிச்சுக்கிட்டாராம்."

"நம்ம கலர்ல யாராவது இருந்தாங்களா?"

"கறுப்பர்கள் இருந்தாங்க. அடிமையா இருந்தவங்ககூட அன்னைக்கு அந்த வரிசையில நின்னிருக்காங்க. யாரோட சுதந்திரத்துக்காக நின்னாங்கன்னு கேட்டா, அதுதான் பதில் சொல்ல முடியாத கேள்வி."

இந்தக் கதை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். வீர வசனம் இல்லை. பயப்படுகிறவன், அறுப்பை நினைக்கிறவன், ஓடுகிறவன், ஆனாலும் அன்றைக்கு ஒரு நாள் வந்து நின்றவன். குழுவிலும் அந்தப் பழைய வழக்கம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஏதாவது அவசரம் என்றால் குரூப்பில் மெசேஜ் போடக் கூடாது. ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு பேரைப் போனில் கூப்பிட்டு, அவர்கள் குரலைக் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். மழை வந்து பயிற்சி ரத்தானால்கூட இப்படித்தான். "பைத்தியக்காரக் கூட்டம், ஒரு மெசேஜ் போட்டா ஆச்சு," என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

அப்பா அந்த வருஷம் வசந்தத்தில் வந்தார். அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட எனக்கு மனசில்லை. வந்த இடத்தில் அவருக்கு ஒரே சந்தோஷம் சாயங்கால நடைதான். எங்கள் காம்ப்ளெக்ஸில் எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. அதே பழுப்புச் சுவர், அதே படி, அதே செடி. குடிவந்த புதிதில் நானே பக்கத்துப் பிளாக்கில் போய்ச் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன். அப்பாவுக்கு வழி சொல்லிக் கொடுத்தபோது, "எனக்கு அடையாளம் இருக்குதம்மணி, நீ கவலைப்படாத," என்றார். என்ன அடையாளம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஊரில் டீக்கடை நகராது, கோயில் நகராது, புளியமரம் நகராது. இங்கே அவர் கண்ணுக்கு வேறு எதுவும் அகப்படாமல், எங்கள் திருப்பத்தில் எப்போதும் நிற்கும் ஒரு சிவப்பு டிரக்கை அடையாளமாக வைத்துக்கொண்டுவிட்டார். டிரக் சக்கரம் வைத்தது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அதோடு, வந்த முதல் வாரமே நான் ஒரு வேலை செய்திருந்தேன். "அப்பா, இங்க யார் வீட்டுக் கதவையும் தட்டாதீங்க. யார் இடத்துலயும் கால் வைக்காதீங்க. இந்த ஊர்ல எல்லார்கிட்டயும் துப்பாக்கி இருக்கு. அந்நிய மனுஷன் உள்ள வந்தா சுட்டுருவாங்க," என்று மிரட்டி வைத்திருந்தேன். இங்கே அப்பா அம்மாவை வரவழைக்கிற எந்த வீட்டில்தான் இந்தப் பாட்டு பாடவில்லை? எல்லாரும் நல்லதுக்குத்தான் பாடுகிறோம்.

இலை உதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர் மைதானத்துக்குப் போயிருந்தார். நான் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "நீ கல்லைப் போடு கண்ணு, நான் ஒரு எட்டு நடந்துட்டு வந்தர்றேன்," என்று மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு இறங்கினார். அந்த மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். ஊரில் ஒரு முறை சாப்பிடாமல் இருந்து, தோட்டத்தில் நினைவில்லாமல் விழுந்து கிடந்திருக்கிறார். அன்றைக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்ததால் பிழைத்தார்.

கல் காய்ந்தது. ஆள் வரவில்லை. போன் போட்டால், சார்ஜரில் இருந்த அவர் போன் சமையலறையிலேயே மணியடித்தது. உடனே எங்கள் காம்ப்ளெக்ஸ் தமிழ்க் குரூப்பில், "அப்பாவைக் காணோம், யாராவது பார்த்தீங்களா?" என்று போட்டேன். கையெடுத்துக் கும்பிடுகிற படங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் ஒரு முருகன் படம் அனுப்பினார். குறை சொல்லக் கூடாது, இரண்டு வீட்டுக்காரர்கள் உடனே காரை எடுத்தார்கள். நானும் பிளாக் பிளாக்காகச் சுற்றினேன். சிவப்பு டிரக் நிற்கும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இவருக்குப் போன் செய்து அழுதேன். "போலீசுக்குச் சொல்லு. இப்பவே. நானும் வந்துட்டே இருக்கேன்," என்றார். போலீஸுக்குச் சொன்னேன். ஒரு இளம் ஆபீசர் சீக்கிரமே வந்து, போட்டோ வாங்கி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் எங்கள் பார்க்கிங்கில் கார்கள் வர ஆரம்பித்தன. ஒரு கார், இன்னொரு கார், ஒரு வேன். கதவு திறக்கத் திறக்க முக்கோணத் தொப்பிகள் இறங்கின.

பயிற்சி முடிந்து பாதிப் பேர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்களாம். என் கணவர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அந்த இரண்டு பேர் நாலு பேரை. ஒருவர் தட்டில் வைத்த சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். ஒருவர் மேலே கோட்டும் கீழே பைஜாமாவுமாக நின்றார். கேப்டன் அம்மாள் முதல் வேலையாக எல்லாத் துப்பாக்கிகளையும் கார் டிக்கியில் வைத்துப் பூட்டச் சொன்னார். சிரிக்கத் தகுந்த கூட்டம். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழலாம் போல இருந்தது.

ஜாகிங் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், குல்லா போட்ட பெரியவர் ஒருவர் மக்காச்சோளக் காட்டுப் பக்கம் நடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். காம்ப்ளெக்ஸைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அறுப்புக்குக் காய்ந்து நின்ற பெரிய காடு. நாங்கள் அங்கே போனபோது வெளிச்சம் மங்கிவிட்டது. காற்று ஊசியாய்க் குத்தியது. மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நினைக்கவே நான் பயந்தேன்.

கை நீட்டினால் அடுத்தவர் கை படுகிற தூரத்தில் வரிசையாக நின்று, டார்ச்சைப் பிடித்தபடி உள்ளே இறங்கினார்கள். போலீஸ்காரர் அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் கூப்பிட்டார். அவர் சொன்ன விதத்தில் அது யார் பெயர் என்று எனக்கே புரியவில்லை. பதில் இல்லை. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

"அவரு வர மாட்டாருங்க," என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உள்ள இருந்தாலும் வர மாட்டாரு. அடுத்தவங்க இடத்துல கால் வெச்சா சுடுவாங்கன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். இவங்க வர்ற கோலத்தைப் பார்த்தா இன்னும் உள்ளதான் போவாரு!"

கேப்டன் அம்மாள், நான் என்ன சொல்கிறேன் என்று இவரிடம் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்களைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க என்ன சொல்ல வேண்டும்? உங்கள் பாஷையில் சொல்லிக் கொடு," என்றார்.

என்ன சொல்வது? பயப்படாதீர்கள் என்றால் பயம்தான் வரும். போலீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். என் கணவர்தான், வீட்டில் தினமும் அப்பாவை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே சொல்லிக் கொடுத்தார்.

கேப்டன் ஒரு தரம் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பஸ் குரலை எடுத்தார்.

"மாமா! சாப்பிட வாங்க!"

வரிசை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. பிளம்பர், லைப்ரரியில் வேலை செய்கிறவர், பல் டாக்டர், பைஜாமாக்காரர், போலீஸ்காரர் உட்பட, ஆளுக்கு ஒரு உச்சரிப்பில், காய்ந்த சோளத்தட்டை சரசரக்க, "மாமா! சாப்பிட வாங்க! மாமா! சாப்பிட வாங்க!" நியூ ஜெர்சியில் இருக்கிற அத்தனை பேருக்கும் என் அப்பா மாமனார் ஆகிவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

காட்டின் நடுவிலிருந்து ஒரு சன்னமான குரல் கேட்டது. "யாருங்க அது?"

சோளத்தட்டுக்கு நடுவே குந்தி உட்கார்ந்திருந்தார். உடம்பு வேர்வையில் நனைந்து, கை வெடவெடவென்று நடுங்கியது. டிரக்கைக் காணாமல் வழி தப்பி, யார் கதவையும் தட்டப் பயந்து, தலை சுற்றி, தனக்குத் தெரிந்த பயிர் ஒன்று கண்ணில் பட்டதே என்று அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். கேப்டன் மண்டியிட்டு, இடுப்பில் தொங்கிய துணிப்பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அவர் வாயில் வைத்தார். மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சி எடுத்த சர்க்கரைக் கட்டி. அந்தக் காலத்து ஆட்கள் வைத்திருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று கடையில் வாங்காமல் அந்த அம்மாள் வீட்டிலேயே காய்ச்சுவாராம். அப்பா அதைச் சப்பினார். "கருப்பட்டியாட்டம் இருக்குது," என்றார். அந்த வார்த்தை வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

உயிர் வந்ததும் கோபமும் வந்துவிட்டது. "உங்களுக்கு அறிவிருக்காப்பா? இவ்வளவு பேர் கத்தறாங்க, முதல்லயே ஒரு குரல் குடுத்தா என்ன?"

"நீ சும்மா இரு அம்மணி. தொப்பியும் கோட்டுமா வரிசையா வந்தா, காட்டுக்காரன் ஆள் கூட்டிட்டு அடிக்க வந்துட்டான்னுதான் நெனச்சேன். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாங்க. சாப்பிடக் கூப்பிடறவன் அடிப்பானா?"

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவர் விரலில் குத்திப் பார்த்து, ஜூஸ் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, இனி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றார்கள். ரோட்டோரம் எல்லாரும் கலையாமல் நின்றிருந்தார்கள். நான் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் போனேன். தேங்க்ஸ் என்ற சொல் அன்றைக்கு எனக்கு ரொம்பச் சின்னதாக இருந்தது. கேப்டன் அம்மாள் என் தோளைத் தட்டி, "கூப்பிட்டால் வருவதுதானே எங்கள் வேலை," என்று சாதாரணமாகச் சொன்னார். இவர்களுக்கு இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. நாங்கள் யாரென்றும் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் வராமல் போயிருந்தால் என் அப்பா அந்தக் காட்டிலேயே கிடந்திருப்பார். இதை நான் எத்தனை வருஷம் ஆனாலும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அப்பா ஆம்புலன்ஸ் படியிலிருந்து என் கையைப் பிடித்து எழுந்தார். குல்லாவைக் கழற்றினார். எதிரே நின்ற அத்தனை பேரையும் பார்த்துக் கும்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரில் விருந்துக்கு அழைக்கிற அதே குரலில், "எல்லாரும் சாப்பிட வாங்க," என்றார்.

என் கணவர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். கேப்டன் அம்மாள் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஓகே, மாமா," என்றார். கார்க் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. அடைமாவு இத்தனை பேருக்குக் காணுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே, நான் முன் சீட்டில் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதேன்.